வயதான விலங்குக்கு எச்சில் வற்றிப்போகுமா?

கேள்வி இதுதான்: வீட்டில் 13 வயது நாய் இருக்கிறது. சில மாதங்களாக அதன் வாய் காய்ந்து கிடக்கிறது. எச்சில் நூல் நூலாக இழுபடுகிறது. காய்ந்த தீவனத் துண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நான்கு வாய் தின்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர்க் கிண்ணத்துக்கு ஓடுகிறது. விசாரித்த இடத்திலெல்லாம் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றே பதில். வயதானால் உமிழ்நீர்ச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளுமா, எல்லா விலங்குகளுக்கும் இப்படித்தானா?

விலங்கு உடலியங்கியல் கற்பிப்பதும் வயதான விலங்குகளைப் பார்ப்பதுமாகப் பல வருடங்கள் கழித்தவன் நான். இந்த "வயசாயிடுச்சு" என்ற பதிலால் எத்தனையோ நாய், பூனைகளின் நோய் கண்டுபிடிக்கப்படாமலே போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். சுரப்பிக்கு வயதாகும், அதில் சந்தேகமில்லை. வயதான சுரப்பியை வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். ஆனால் வேறு நோய் இல்லாத, மருந்து எதுவும் தின்னாத வயதான விலங்கின் வாய், வயது ஒன்றினால் மட்டும் வறண்டு போவது அரிது. வயது தின்பது பெரும்பாலும் சுரப்பியின் கையிருப்பைத்தான். அன்றாடச் செலவுக்குப் போதுமானது மிஞ்சியிருக்கும். ஒரு நெருக்கடி வந்தால்தான் பற்றாக்குறை தெரியும். உங்கள் நாயின் வாய் வறண்டிருக்கிறது என்றால் அந்த நெருக்கடி என்ன என்று தேட வேண்டும்.

இது ஏன் என்று புரிய, எச்சில் எப்படி ஊறுகிறது என்று பார்த்துவிடலாம். பாலூட்டிகளுக்குப் பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி: காதுக்குக் கீழே பரோட்டிட் சுரப்பி, தாடைக் கோணத்தில் தாடையடிச் சுரப்பி, நாக்குக்கு அடியில் நாவடிச் சுரப்பி. நாய்க்கும் பூனைக்கும் கூடுதலாகக் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பை ஒட்டி ஒன்று உண்டு. இவை போக உதடு, கன்னம், அண்ணம் எங்கும் பொடிப்பொடியாகச் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பரோட்டிட் சுரப்பது தண்ணீர் போன்ற எச்சில். சிறு சுரப்பிகளும் நாவடிச் சுரப்பியும் தருவது வழவழப்பு. தாடையடிச் சுரப்பி இரண்டும் கலந்தது.

ஒவ்வொரு சுரப்பியும் பார்க்கத் திராட்சைக் குலை மாதிரி. பழங்கள் சுரப்புக் குமிழ்கள், காம்புகள் நாளங்கள். குமிழைச் சுற்றியுள்ள செல்கள் ரத்தத்திலிருந்து குளோரைடை உள்ளே இழுத்துச் சேர்த்து வைத்திருக்கும். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற செய்தி வேதிப்பொருள் வந்து, செல்லின் மேல் அந்தச் செய்தியை வாங்கும் எம்3 ஏற்பியைத் தட்டியதும் செல்லுக்குள் கால்சியம் அலையாக எழும். அந்தக் கால்சியம் குளோரைடு கதவைத் திறந்துவிடும். குளோரைடு குமிழின் நடுவெளிக்குள் பாயும், சோடியம் அதன் பின்னால் போகும், உப்பு போன இடத்துக்குத் தண்ணீர் போகும். தண்ணீர் போக அக்வாபோரின்-5 என்ற புரத வாசல் இருக்கிறது. இந்த வாசல் இல்லாத சுண்டெலிகளை 1999ல் உருவாக்கிப் பார்த்தபோது எச்சில் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஊறிய கொஞ்சமும் பிசுபிசுவென்று இருந்தது. அப்புறம், நாளங்கள் வழியே வரும்போது உப்பில் பெரும்பகுதியைச் சுரப்பி திரும்ப எடுத்துக்கொள்ளும். எச்சில் கரிக்காமல் இருப்பது அதனால்தான்.

ஜெர்மன் உடலியங்கியல் அறிஞர் கார்ல் லுட்விக் 1851ல் நாயின் தாடையடிச் சுரப்பியில் செய்த சோதனையை வகுப்பில் நான் விடாமல் சொல்வேன். நரம்பைத் தூண்டிக்கொண்டே நாளத்தை அடைத்து அழுத்தத்தை அளந்தார். அது ரத்தக் குழாயின் அழுத்தத்தையே தாண்டிப் போனது. ரத்தத்திலிருந்து வடிகட்டி வரும் நீராக இருந்தால் இப்படி நடக்கவே வழியில்லை. செல்கள் ஆற்றலைச் செலவழித்துத் தள்ளுகின்றன என்பது அன்று தெரிந்தது. ஆக, எச்சில் என்பது உயிருள்ள செல் உழைத்துத் தரும் பொருள். அந்தச் செல்லுக்கு வயதானால் உழைப்பும் மாறும்.

எப்படி மாறும்? ஆய்வுக்கூட எலியின் ஆயுள் இரண்டிலிருந்து மூன்று வருடம். 24 மாத எலி என்றால் கிழ எலி. அதன் தாடையடிச் சுரப்பியை மெல்லிய சீவலாக்கி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். இளம் எலியின் சீவலில் குமிழ்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், நடுவே வெற்றிடமே இருக்காது. கிழ எலியின் சீவலில் முதலில் கண்ணில் படுவது வெள்ளை ஓட்டைகள். அவை கொழுப்புச் செல்கள். சீவலைத் தயார் செய்யும்போது கொழுப்பு கரைந்துபோய் வெறும் வளையம் மட்டும் நிற்கும். குமிழ்கள் சுருங்கியிருக்கும், ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது. இடையில் நார்த்திசு இளஞ்சிவப்புப் பட்டைகளாக ஓடும். நாளங்கள் சில இடத்தில் அகன்று கிடக்கும். அங்கங்கே நாளத்தைச் சுற்றி அடர்நீலப் புள்ளிக் கூட்டம் தெரியும். வெள்ளணுக்கள் குவிந்த இடம் அது. சில செல்கள் மட்டும் உப்பி, உள்ளே மைட்டோகாண்ட்ரியா அடைந்து, சிவப்பேறி நிற்கும். வயதான சுரப்பியின் முத்திரை என்றே இந்தச் செல்களைச் சொல்லலாம். குமிழ்ச் செல்லுக்குள் உற்றுப் பார்த்தால் லிப்போஃபஸ்கின் என்ற பழுப்புத் துகள்கள், செல் வெளியேற்ற முடியாமல் சேர்த்து வைத்த கழிவு.

மனிதர்களிலும் இதே படம்தான். இளமையிலிருந்து முதுமைக்குள் தாடையடிச் சுரப்பியில் எச்சில் ஊறும் குமிழ்த் திசு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்து, அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன என்று 1970களிலேயே அளந்து சொல்லிவிட்டார்கள்.

திசுவில் மூன்றில் ஒரு பங்கு போனால் எச்சிலிலும் மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும் என்றுதான் தோன்றும். அந்த நாள் வரை எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். அளந்து பார்த்தபோது கதை மாறியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1958ல் தொடங்கி ஒரே மனிதர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு முதுமை ஆய்வு இருக்கிறது. அதில் இருந்த ஆரோக்கியமானவர்களின் பரோட்டிட் எச்சிலைத் தூண்டி அளந்த முடிவு 1981ல் வெளியானது. இளையவருக்கும் முதியவருக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதற்கு முந்தைய பல அளவீடுகள் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களிடம் எடுக்கப்பட்டவை. நோயையும் மாத்திரையையும் சேர்த்து அளந்துவிட்டு, பழியை வயதின்மேல் போட்டிருந்தார்கள்.

இதையே முழு உண்மை என்று பிடித்துக்கொள்வதும் தவறு. பல ஆய்வுகளின் எண்களைத் திரட்டி 2015ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதியவர்களில் வாயில் சேரும் மொத்த எச்சிலும் தாடையடி, நாவடிச் சுரப்பிகளின் எச்சிலும் குறைந்திருப்பதையும், பரோட்டிட்டும் சிறு சுரப்பிகளும் பெரிதாக மாறாததையும் காட்டியது. சுரப்பிக்குச் சுரப்பி வயதாகும் வேகம் வேறு என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். சும்மா இருக்கும் நேரத்தில் வாயை நனைத்து வைப்பது பெரும்பாலும் தாடையடிச் சுரப்பி. மெல்லும்போது வெள்ளமாக வருவது பரோட்டிட். இரண்டில் முதலாவதுதான் வயதுக்கு முதலில் பணிகிறது.

சரி, மூன்றில் ஒரு பங்கு திசு போயும் ஆரோக்கியமான முதியவரின் வாய் ஏன் வறளவில்லை? சுரப்பி பிறக்கும்போதே தேவைக்கு மேல் கட்டப்பட்டிருக்கிறது. இளமையில் பாதி செல்கள் ஓய்வெடுத்தாலும் வேலை நடக்கும். முதுமையில் அந்த உபரி கரைந்துபோய், மிஞ்சிய எல்லாச் செல்களும் ஓயாமல் உழைத்து அதே அளவை எட்டுகின்றன. இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இளையவர்களுக்கும் முதியவர்களுக்கும் எச்சிலைத் தடுக்கும் கிளைக்கோபைரோலேட் என்ற மருந்தைக் கொடுத்து அளந்த ஆய்வு 2003ல் வந்தது. மருந்துக்கு முன் இரு தரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மருந்துக்குப் பின் முதியவர்களின் எச்சில் கூடுதலாக விழுந்தது. கையிருப்பு கரைந்திருந்தது மருந்து வந்து தட்டிய பிறகுதான் வெளியே தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாயைப் பற்றிப் பேசும்போது திரும்ப இங்கேதான் வரப்போகிறோம்.

செல்லுக்குள் என்ன தளர்கிறது என்பதை எலிகள்தான் சொல்லிக்கொடுத்தன. வயதான எலியின் பரோட்டிட் செல்களை அட்ரினலின் வகைத் தூண்டலுக்கு உட்படுத்தினால், அவை இளம் செல் அளவுக்குப் பொட்டாசியத்தை வெளியே விடுவதில்லை. நீர் சுரப்பு நடக்கிறது என்பதற்குப் பொட்டாசியம் வெளியேறுவது ஓர் அடையாளம். செல்லின் மேல் உள்ள ஏற்பிகள் குறைந்துவிட்டன என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். 1982ல் எண்ணிப் பார்த்தால் ஏற்பிகள் அப்படியே இருந்தன. கால்சியத்தைச் செல்லுக்குள் நேராக நுழையவிடும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்ததும் கிழச் செல்லும் இளம் செல்லைப் போலவே வேலை செய்தது. ஏற்பி என்ற மணியும் சரி, சுரக்கும் இயந்திரமும் சரி. மணி அடித்ததை இயந்திரத்துக்குச் சொல்லும் கால்சியம்தான் சோம்பிவிட்டது. பிறகு 2003ல் இன்னொரு துண்டு கிடைத்தது. அசிட்டைல்கோலின் வந்ததும் அக்வாபோரின்-5 செல்லின் உள்ளிருந்து மேல் சவ்வுக்கு நகர்ந்து வந்து நிற்க வேண்டும். கிழ எலியில் அந்த நகர்வு மந்தமாகிவிடுகிறது.

எனக்கு இதில் நம்பிக்கை தரும் விஷயம் ஒன்று உண்டு. செல் செத்துப்போயிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்தி மந்தமாகியிருக்கிறது என்றால், தூண்டலை உரக்கக் கொடுத்து வேலை வாங்க முடியும். எச்சிலைத் தூண்டும் மருந்துகள் வயதான உடலிலும் பலன் தருவது இதனால்தான்.

தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் திறன் வேறு கதை. அது உண்மையிலேயே குறைகிறது. ஐசோபுரோட்டரினால் என்ற மருந்தை இளம் எலிக்குச் செலுத்தினால் சுரப்பிச் செல்கள் மளமளவென்று டிஎன்ஏ தயாரித்துப் பெருகும். கிழ எலிக்குச் செலுத்தினால் தாமதமாகத் தொடங்கும், அளவும் குறைவு. சேதம் ஆனால் ஆறும், மெதுவாக ஆறும்.

எச்சில் என்றால் வெறும் தண்ணீர் என்று நினைத்து அளவை மட்டும் பார்ப்பதும் சரியில்லை. அதில் கரைந்து வருபவையும் வயதோடு மாறுகின்றன. வழவழப்பு தரும் மியூசின் புரதங்கள் முதுமையில் குறைவதை மனிதரிலும் எலியிலும் பார்த்திருக்கிறார்கள். அளவு மாறாமலே வாய் "காய்ந்த மாதிரி" தோன்ற இது ஒரு காரணம். சுண்டெலியில் இன்னும் சுவாரசியம். ஆண் சுண்டெலியின் தாடையடிச் சுரப்பியில் சுருண்ட நாளப் பகுதி ஒன்று உண்டு. செல்களை வளரத் தூண்டும் காரணிகள் அங்கே குவிந்திருக்கும். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன் மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டெடுத்தது சுண்டெலியின் இந்தச் சுரப்பியிலிருந்துதான். ரீட்டா லெவி மொன்டால்சினியோடு அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது 1986ல். அந்த நாளப் பகுதி ஆண் ஹார்மோனை நம்பி வாழ்வது. வயதாகி ஹார்மோன் குறையும்போது அதுவும் சுருங்குகிறது, வளர்ச்சிக் காரணியும் குறைகிறது. சுரப்பியை எடுத்துவிட்ட சுண்டெலிகளின் காயம் மெதுவாக மூடுவதை 1970களின் இறுதியில் காட்டினார்கள். காயத்தை நக்குவது விலங்குக்கு வெறும் பழக்கமாகத் தெரியலாம், எலிக்கு அது மருந்து. மருந்தின் வீரியம் வயதோடு குறைகிறது. நாய் காயத்தை நக்கினால் நல்லது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நாயின் வாயில் உள்ள கிருமிகளும் சொரசொர நாக்கும் காயத்தைக் கிளறிப் பெரிதாக்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எலிக்கு எச்சில் இன்னொரு வகையிலும் உயிர் காக்கும். வியர்க்க முடியாத அந்த விலங்கு வெயிலில் தன் ரோமத்தில் எச்சிலைப் பூசி உடம்பைக் குளிர்விக்கும். சுரப்பியை அகற்றிய எலிகள் வெப்பத்தைத் தாங்க முடியாமல் போவதை 1960களிலேயே கண்டார்கள். கங்காரு முன்னங்கையை நக்கி ஈரமாக்குவதும் இதற்குத்தான். நாய் மூச்சிரைக்கும்போது ஆவியாவதில் ஒரு பங்கு எச்சில். கையிருப்பு கரைந்த சுரப்பி சாதாரண நாளில் ஒரு குறையும் காட்டாமல், கொளுத்தும் நாளில் கைவிடக்கூடும். வயதான நாயை வெப்பத்தில் அலைய விடாதீர்கள் என்று சொல்வதற்கு இதயம், நுரையீரலோடு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்வேன்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடம்: மெல்லுதல். எலிக்குக் கெட்டி உணவை நிறுத்திவிட்டு நீராகாரம் மட்டும் கொடுத்தால் சில நாட்களிலேயே அதன் பரோட்டிட் சுரப்பி எடை குறைந்து சுருங்கிவிடும். எலி இளமையானதுதான், நோயும் இல்லை. திரும்பக் கெட்டி உணவு கொடுத்தால் சுரப்பியும் திரும்ப வளரும். தசையைப் போலவே சுரப்பிக்கும் வேலைதான் உணவு. மெல்லும் ஒவ்வொரு அசைவும் பல்லின் வேர்ச் சவ்விலிருந்தும் வாய்த் தோலிலிருந்தும் நரம்பு வழியே மூளைக்குப் போய், அங்கிருந்து சுரப்பிக்குக் கட்டளையாகத் திரும்புகிறது.

இனி ஒரு வயதான விலங்கை நினைத்துப் பாருங்கள். பல் ஆடுகிறது, ஈறு வலிக்கிறது. மெல்லாமல் விழுங்குகிறது. நாமும் பாவம் என்று குழைத்த உணவுக்கு மாற்றிவிடுகிறோம். சுரப்பிக்குத் தூண்டல் குறைகிறது, சுருங்குகிறது. எச்சில் குறைந்ததால் பல்லும் ஈறும் இன்னும் கெடுகின்றன. வட்டம் இறுகிக்கொண்டே போகிறது. இதில் வயது எங்கே தொடங்கி, பல் நோய் எங்கே முடிகிறது என்று பிரிக்கவே முடியாது. ஆனால் வயதைத் திருப்ப முடியாது, பல்லைச் சரிசெய்ய முடியும்.

குதிரையில் இது பளிச்சென்று தெரியும். குதிரையின் பரோட்டிட் மெல்லும்போதுதான் சுரக்கும், அதுவும் எந்தப் பக்கம் மெல்லுகிறதோ அந்தப் பக்கம் அதிகமாக. ஒரு நாளைக்கு 35 முதல் 40 லிட்டர் வரை எச்சில் ஊறும் விலங்கு அது. வயதாகிக் கடைவாய்ப் பல் தேய்ந்து, விழுந்து, மெல்லுவது குறைந்தால் தீவனம் சரியாக நனையாமலே தொண்டைக்குள் போகும். உணவுக்குழாய் அடைப்பு கிழக் குதிரைகளில் அடிக்கடி வருவதற்கு இது பெரிய காரணம். அவற்றுக்குத் தீவனத்தை ஊறவைத்துக் கொடுப்பது, ஊறாமல் போன எச்சிலை வெளியிலிருந்து ஊற்றுவதற்குச் சமம்.

அசைபோடும் விலங்குகளின் கணக்கே வேறு. பசுவுக்கு ஒரு நாள் எச்சில் 100 லிட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் பரோட்டிட் நரம்புத் தூண்டல் இல்லாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போதும் அசைபோடும்போதும் வேகம் கூடும். அந்த எச்சிலோடு ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் பைகார்பனேட் முதல் இரைப்பைக்குப் போகிறது. அங்கே நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைக்கும்போது உண்டாகும் அமிலத்தை அடக்குவது அதுதான். பல் தேய்ந்த கிழப் பசுவோ ஆடோ நாருள்ள தீவனத்தை ஒதுக்கி, அசைபோடும் நேரம் குறைந்தால், எச்சிலும் குறைந்து இரைப்பை புளித்துப்போகும் அபாயம் உண்டு. வாய் வறட்சி என்று அங்கே யாரும் கவனிக்க மாட்டார்கள்; வயிற்றுக் கோளாறாகத்தான் அது வெளியே வரும்.

தேனீயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாய்க்கு வருகிறேன். பாலூட்டியின் சுரப்பியோடு அதற்கு உறவில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனமில்லை. வேலைக்காரத் தேனீயின் தலைக்குள், வாய்க்குத் திறக்கும் ஒரு ஜோடிச் சுரப்பி இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில், குஞ்சுகளுக்கு ஊட்டும் வயதில், அது பருத்து அரசக்கூழ் சுரக்கும். மூன்று வாரம் கடந்து தேன் தேடி வெளியே போகத் தொடங்கியதும் அதே சுரப்பி சுருங்கி, பூந்தேனின் சர்க்கரையை உடைக்கும் நொதிகளைச் சுரக்கத் தொடங்கும். கூட்டில் ஊட்ட ஆளில்லாமல் போனால், வெளியே போய்க்கொண்டிருந்த மூத்த தேனீயின் சுரப்பி திரும்பப் பருத்துக் கூழ் சுரக்கும். சுரப்பியின் வயதை நாட்காட்டியை விட அது செய்யும் வேலை தீர்மானிப்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியாது.

சரி, உங்கள் நாய். நாயின் எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் கிட்டத்தட்ட இல்லை, பூனைக்கும் அப்படியே. நம் எச்சிலைவிட அதன் எச்சிலுக்குக் காரத்தன்மை அதிகம். அதனால் நாய்க்குப் பல் சொத்தை குறைவு, பல் காரை அதிகம். எச்சில் குறைந்தால் காரையும் ஈறு நோயும் வேகம் பிடிக்கும். ஆகவே முதல் வேலை வாயைத் திறந்து பார்ப்பது.

நாய் நன்றாக ஓய்வில் இருக்கும்போது, தண்ணீர் குடித்து அரைமணி நேரமாவது ஆனபின், மேல் உதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் சுத்தமான விரலை வையுங்கள். ஆரோக்கியமான ஈறில் விரல் வழுக்கிக்கொண்டு போகும். வறண்ட ஈறில் விரல் லேசாக ஒட்டி, எடுக்கும்போது பிடித்துவிடும். விரலை எடுத்தபின் நூல் போல இழுபட்டால் தண்ணீர்ப் பங்கு குறைந்து வழவழப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தைக் கணிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வயதான நாயின் தோலில் நெகிழ்வு போயிருக்கும், நீர்ச்சத்து சரியாக இருந்தாலும் மெதுவாகத்தான் அமரும். அதை நம்பாதீர்கள், ஈறைப் பாருங்கள். அதோடு மூக்கையும் பாருங்கள். ஒரு பக்க மூக்குத் துளை மட்டும் காய்ந்து பொருக்குத் தட்டி, அதே பக்கக் கண்ணும் வறண்டு பீளை கட்டியிருந்தால், அந்தப் பக்க நரம்பில் கோளாறு. எச்சில் சுரப்பிக்குப் போகும் நரம்பு இழைகள் நடுக்காதின் வழியாகப் போகின்றன. நாள்பட்ட காது நோய் உள்ள நாயில் இதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து மாத்திரைப் பட்டியல். 13 வயது நாய்க்குப் பெரும்பாலும் ஏதாவது ஒன்று போய்க்கொண்டிருக்கும். இதய வால்வு நோய்க்கு ஃபுரோசமைடு, அரிப்புக்கு ஆன்டிஹிஸ்டமின், பதற்றத்துக்கு க்ளோமிப்ரமின் அல்லது அமிட்ரிப்டிலின், வலிக்கு ஓபியாய்டு வகை மருந்துகள். முதலாவது உடம்பின் நீரை இறக்கும். மற்றவை வெவ்வேறு வழிகளில் சுரப்புக் கட்டளையை மழுங்கடிக்கும். அந்த கிளைக்கோபைரோலேட் ஆய்வை இங்கேதான் நினைக்க வேண்டும். மூன்று வயது நாய் கவலையின்றித் தாங்கும் மருந்து, கையிருப்பு தீர்ந்த 13 வயது நாயின் வாயை வறளவைக்கலாம். வறட்சி தொடங்கிய மாதத்தையும் புது மாத்திரை தொடங்கிய மாதத்தையும் ஒரு காகிதத்தில் பக்கத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். பொருந்தினால் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வறட்சியைவிட இதயம் பெரிது.

மூன்றாவது, ரத்தமும் சிறுநீரும் சோதித்துப் பார்ப்பது. நாள்பட்ட சிறுநீரக நோய், நீரிழிவு, கார்ட்டிசால் ஹார்மோன் மிகையாகும் குஷிங் நோய் என்று முதுமையில் வரும் பல நோய்கள் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றி வாயை வறட்டும். பூனையாக இருந்தால் சிறுநீரகத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். ஓயாமல் மூச்சிரைக்கும் நாய்க்குச் சுரப்பி சரியாக இருந்தும் வாய் காய்ந்துபோகும். அங்கே தேட வேண்டியது குரல்வளைத் தளர்ச்சி, இதய நோய், வலி ஆகியவற்றை.

வறட்சிக்கு நேர்மாறாக எச்சில் ஒழுகினால், வயதால் சுரப்பு கூடிவிட்டது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். வயது சுரப்பைக் கூட்டாது. பெரும்பாலும் வாயில் வலி, குமட்டல், விழுங்க முடியாமை இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

தாடைக் கோணத்தில் தடவினால் இரு பக்கமும் ஓர் உருண்டை கைக்குத் தட்டுப்படும். பயந்துவிட வேண்டாம், அது தாடையடிச் சுரப்பியாகவே இருக்கலாம். அதற்குச் சற்று முன்னால் சிறியதாக இரண்டு மூன்று நிணநீர்க்கணுக்கள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, மென்மையாக இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் பெருத்தால், கெட்டியானால், வேகமாக வளர்ந்தால் உடனே காட்டுங்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் அரிது. வரும்போது பெரும்பாலும் பத்து வயதைத் தொட்ட நாய், பூனைகளுக்குத்தான் வருகிறது.

காரணம் கண்டுபிடிக்கும் வரை செய்யக்கூடியவை: உணவை வெந்நீரில் ஊறவைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். பல் சுத்தம் செய்து வலி தீர்ந்தபின், தின்னக்கூடியதாக இருந்தால் கொஞ்சம் மெல்லும் உணவையும் திரும்பச் சேருங்கள். மற்ற வழிகள் பலிக்காதபோது மருத்துவர் பைலோகார்ப்பின் கொடுக்கலாம். எம்3 ஏற்பியை நேராகத் தட்டும் மருந்து அது. பிழைத்திருக்கும் செல்களிடம் வேலை வாங்கும். பலன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வாந்தி, பேதி, இதயத் துடிப்பு குறைதல் வந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். மனிதர்களின் வாய் வறட்சிக்கு விற்கும் ஸ்பிரே, ஜெல், மிட்டாய், சூயிங்கம் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். அவற்றில் பலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாத அந்த இனிப்பு, நாயின் உடலில் இன்சுலினைக் கொட்டவைத்து ரத்தச் சர்க்கரையை அரைமணி நேரத்திலேயே கீழே இறக்கிவிடும்; அளவு கூடினால் கல்லீரலையும் கெடுக்கும். நல்ல எண்ணத்தோடு ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், நாய் தள்ளாடுகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டாம், அந்தப் பொருளின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.